வெளியில் நிற்கும் மரத்தைக் கெடுப்பது மழையா, காயாத ஈரமா?

வேப்பநிழல்

வணக்கம். வீட்டின் பின்புறம் மரத்தில் ஒரு பந்தல், அதையொட்டி ஒரு மரத்தளம். இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே லாட்டில் வாங்கிய மரத்தில் செய்தவை. இப்போது பழுது பார்க்க இறங்கினால் குழப்பமாக இருக்கிறது.

மழையையும் வெயிலையும் நேராக வாங்கும் மேல் சட்டங்கள் நரைத்து, மெல்லிய வெடிப்பு விட்டிருக்கின்றன, அவ்வளவுதான். தட்டினால் கணீரென்று சத்தம் வருகிறது. தூண்களின் அடியோ, கான்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினாலே உள்ளே போகிறது. தளப்பலகைகளின் மேல்பக்கம் உறுதியாகத்தான் இருக்கிறது. தாங்குசட்டத்தின் மேல் பலகை உட்காரும் இடம் மட்டும் கறுத்து, மெத்தென்று ஆகிவிட்டது.

எங்கள் பக்கம் சில மாதம் விடாத மழை, மற்ற மாதங்களில் நல்ல வெயில். திரும்பக் கட்டும்போது என்ன செய்வது? உயர்ந்த ரக மரம் போடு என்கிறார் ஒருவர், மருந்தேற்றிய மரம் போதும் என்கிறார் இன்னொருவர், ஆண்டுதோறும் பெயின்ட் அடித்தால் எந்த மரமும் நிற்கும் என்கிறார் மூன்றாமவர். அதிகம் நனைந்த மரம் நன்றாக இருக்க, குறைவாக நனைந்தது கெட்டது ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

சேகுமரம்

குறைவாக நனைந்தது என்று நீங்கள் நினைக்கும் இடம்தான் அதிக நேரம் நனைந்தே இருந்திருக்கிறது. மேல் சட்டத்தில் மழை விழும், வழியும், காற்றுப்பட்டுச் சில மணி நேரத்தில் மேற்பரப்பு காய்ந்துவிடும். கான்கிரீட்டுக்கும் தூணுக்கும் நடுவில் இறங்கிய தண்ணீர் எங்கே போகும்? மழை விட்டு வாரங்கள் ஆனாலும் அங்கேயேதான் இருக்கும்.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன். மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு எப்போதும் ஒரு சமநிலைக்கு வரப் பார்க்கும். இருபது டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 65% என்றால் மரத்துக்குள் ஈரம் சுமார் 12% இருக்கும். காற்று 80% ஆனால் மரம் 16%. காற்று 90% ஆனாலும் மரம் 20% அல்லது 21% அளவில்தான் நிற்கும். இந்த ஈரம் முழுக்க மரத்தின் செல் சுவருக்குள் ஒட்டியிருக்கும் ஈரம். சுவர் நிரம்புவது 28-30% வாக்கில். அதற்கு மேல் போனால்தான் செல்லின் உட்குழிவில் தண்ணீர் தண்ணீராகவே தங்கும். மரத்தை மக்க வைக்கும் பூஞ்சை நன்றாக வளர அந்தத் தண்ணீர் வேண்டும். இடையில் ஒரு பாதுகாப்பு இடைவெளி விட்டு 20%-ஐ எல்லையாக வைத்துக்கொள்வது வழக்கம்.

ஆக, காற்று எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும், கூரைக்கடியில் காற்றோட்டத்தோடு நிற்கும் மரம் அதனால் மட்டும் மக்காது. மேலே பாசி பிடிக்கலாம், கறை படியலாம், அது வேறு. மழையோ, தரை ஈரமோ, பனி வேர்த்து வடிவதோ, ஏதாவது ஒரு வழியில் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டால்தான் அழுகல் தொடங்கும்.

உங்கள் தூணின் அடி எப்படி நிற்கிறது? சுற்றிலும் கான்கிரீட் கிண்ணம் போல இருக்கிறதா, தரை மட்டத்துக்கு மேலே எழும்பி இருக்கிறதா?

வேப்பநிழல்

தரை மட்டம்தான். குழி வெட்டி, தூணை நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட் ஊற்றியிருக்கிறார்கள். தூண் சுருங்கிவிட்டது போல, சுற்றி ஒரு விரிசல் தெரிகிறது. மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சேகுமரம்

அப்படியென்றால் அங்கே வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குறுக்குக்கேள்வி

எல்லாவற்றையும் வேலைப்பாட்டின் மேல் போடுவது சரியில்லை. இதே போலக் கான்கிரீட்டில் ஊன்றிய வேலித்தூண்கள் வறண்ட ஊர்களில் பல காலம் நிற்கின்றன. அதே மரம், அதே வேலை, ஈரமான ஊரில் சில ஆண்டுகளில் போய்விடுகிறது. தட்பவெப்பம்தானே முதல் காரணம்?

மழைமானி

இரண்டு பேர் சொல்வதும் ஒன்றோடொன்று மோதவில்லை. தட்பவெப்பத்துக்கு ஒரு கணக்கு ஏற்கனவே இருக்கிறது. 1971-இல் ஷெஃபர் என்ற அமெரிக்க மர ஆய்வாளர் வெளியிட்டது. தரைக்கு மேலே திறந்த வெளியில் நிற்கும் மரம் ஒரு ஊரில் எவ்வளவு வேகமாக மக்கும் என்பதற்கு ஒரு எண்.

மாதச் சராசரி வெப்பநிலையிலிருந்து 2 டிகிரியைக் கழியுங்கள். அந்த மாதத்தில் 0.25 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை பெய்த நாட்களின் எண்ணிக்கையிலிருந்து 3-ஐக் கழியுங்கள். இரண்டையும் பெருக்குங்கள். இப்படிப் பன்னிரண்டு மாதத்துக்கும் வருவதைக் கூட்டி 16.7-ஆல் வகுத்தால் வரும் எண்தான் அது. எந்த மாதமாவது சுழியத்துக்குக் கீழே போனால் சுழியம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தம் 35-க்குக் கீழே என்றால் மக்கும் அபாயம் குறைவு, 35 முதல் 65 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம்.

உதாரணத்துக்கு, சராசரி 28 டிகிரி, மழை நாட்கள் 12 என்று ஒரு மாதம் வைத்துக்கொள்வோம். 26-ஐ 9-ஆல் பெருக்கி 16.7-ஆல் வகுத்தால் 14 வருகிறது. இப்படி ஐந்து மாதம் இருந்தாலே 70. அதாவது மீதி ஏழு மாதம் சொட்டு மழை இல்லாவிட்டாலும் அபாயம் அதிகமுள்ள பகுதியில்தான் நிற்கிறீர்கள். 30 டிகிரி வெப்பமும் இரண்டே நாள் மழையும் உள்ள மாதம் கணக்கில் சுழியம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், மழையின் அளவு எங்குமே வராதது. ஒரே மாலையில் 100 மி.மீ. கொட்டித் தீர்த்தாலும் ஒரு நாள்தான். பத்து நாள் தூறிக்கொண்டே இருந்தால், மொத்தம் 20 மி.மீ. கூடத் தேறாவிட்டாலும், பத்து நாள். காய நேரம் கிடைத்ததா என்பதைத்தான் அந்தக் கணக்கு சுற்றி வளைத்துக் கேட்கிறது.

வெப்பம் ஏன் வருகிறது என்றால், பூஞ்சை 25 முதல் 30 டிகிரி வாக்கில்தான் மும்முரமாக வளரும். 10 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும். 40-ஐ நெருங்கினாலும் பெரும்பாலானவை அடங்கிவிடும். குளிரில் மழை பெய்வதைவிட வெதுவெதுப்பில் மழை பெய்வது மரத்துக்கு மோசம்.

குறுக்குக்கேள்வி

> தரைக்கு மேலே திறந்த வெளியில் நிற்கும் மரம்

இங்கேதான் கணக்கு நிற்கிறது. வேப்பநிழலின் தூண் தரைக்கு உள்ளே அல்லவா இருக்கிறது?

மழைமானி

சரிதான். மண்ணுக்குள் போனால் அந்த எண் பொருந்தாது. மண் தானே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சையும் அங்கேயே காத்திருக்கும். மூடுபனி, இரவுப் பனி, காற்றோடு சாய்ந்து அடிக்கும் சாரல், கரையான் இவை எதுவும் அதில் வராது. ஊரை ஊரோடு ஒப்பிடத்தான் அந்த எண். ஒரே கட்டுமானத்தின் ஒரு இணைப்பை இன்னொரு இணைப்போடு ஒப்பிட உதவாது.

சேகுமரம்

தட்பவெப்பத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேலைப்பாட்டை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். ஹோரியூ-ஜி கோயிலின் ஐந்தடுக்கு கோபுரம் சுமார் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. ஹினோகி என்ற ஊசியிலை மரம். தூண்கள் கல்லின் மேல் நிற்கின்றன, ஒவ்வொரு அடுக்கிலும் கூரை வெகுதூரம் வெளியே நீண்டு தூணையும் சுவரையும் மழையிலிருந்து காக்கிறது. அதே நாட்டில் இசே ஆலயம். அதுவும் ஹினோகிதான். தூண்களை நேராக மண்ணில் ஊன்றுகிறார்கள், பூச்சு எதுவும் கிடையாது. 20 ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013-இல் கட்டினார்கள்.

குறுக்குக்கேள்வி

இசேயை 20 ஆண்டுக்கு ஒரு முறை கட்டுவது சடங்கு. மரம் மக்கியதால் அல்ல. ஹோரியூ-ஜியையும் இடையில் பலமுறை பிரித்துப் பழுது பார்த்திருக்கிறார்கள். நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒப்பீடு அவ்வளவு சுத்தமில்லை.

சேகுமரம்

சடங்குதான், மறுக்கவில்லை. ஹோரியூ-ஜியில் பழுது பார்த்ததும் உண்மை. ஆனால் பழுது பார்க்கும்போது மூல மரத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பயன்படுத்த முடிந்ததே, அதுதான் நான் சொல்ல வந்தது. மண்ணில் ஊன்றிய தூணுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சடங்கு கலக்காத உதாரணம் வேண்டுமென்றால் நார்வேயின் பழைய மரத் தேவாலயங்கள். தொடக்ககாலத்தில் தூண்களை மண்ணில் ஊன்றிக் கட்டினார்கள். அவை அடியில் மக்கிப் போயின. இன்று அவற்றின் குழிகள்தான் அகழாய்வில் கிடைக்கின்றன. பிற்காலத்தில் கல்லடுக்கின் மேல் அடிச்சட்டம் போட்டு, அதன் மேல் தூணை நிறுத்தினார்கள். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய போர்குண்ட் தேவாலயம் இப்போதும் நிற்கிறது. அதே ஊர்ப் பைன் மரம், அதே பனி, அதே மழை. வெளியே தார் பூசி வருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த கேள்வி வரும்.

குறுக்குக்கேள்வி

:) ஏற்றுக்கொள்கிறேன். தார் பற்றித்தான் கேட்க வந்தேன்.

உளிச்சத்தம்

தம்பி வேப்பநிழல், நான் தச்சு வேலையில் இருப்பவன். இங்கே எல்லோரும் காற்றின் ஈரம், பூஞ்சை என்று பேசுகிறீர்கள். நான் மரத்தின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மரம் தண்ணீர் குடிப்பது முனையில். பலகையின் முகத்தில் விழும் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அறுத்த முனையில் பட்டால் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஏறும். மரத்தின் நார் எல்லாம் நெடுக ஓடும் குழல்கள். முனையை அறுத்தால் எல்லாக் குழலின் வாயும் திறந்து கிடக்கிறது, ஒரு கட்டு வைக்கோலை ஈரத்தில் நிறுத்தி வைத்தது போல. தூணின் அடி, தூணின் உச்சி, பலகை முட்டும் இடம், கழுந்து (ஒரு கட்டையின் முனையில் செதுக்கிய நாக்கு) இறங்கும் துளை, இந்த நாலு இடத்தைப் பார்த்துக்கொண்டால் முக்கால் வேலை முடிந்தது.

துளை மேல்நோக்கி வாய் திறந்திருந்தால் அது கிண்ணம். உள்ளே தண்ணீர் தேங்கும், வெளியே வழி கிடையாது. அடியில் ஒரு வடிகால் ஓட்டை போட்டாலே அதன் ஆயுள் மாறும். தூணின் உச்சியைத் தட்டையாக விடக்கூடாது. சரிவாக அறுத்துவிடுங்கள், இல்லையென்றால் தகட்டில் ஒரு தொப்பி போடுங்கள். தொப்பிக்கும் மரத்துக்கும் நடுவே காற்றுப் போக வேண்டும், இறுக்கிப் போட்டால் அதுவே கெடுதல். கைப்பிடிச் சட்டத்தின் அடியில் ஓரத்தை ஒட்டி நெடுக ஒரு காடி (சிறு பள்ளம்) இழுத்துவிட்டால், தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து உள்ளே போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

அப்புறம் மரம். தேக்கு என்று பெயர் சொன்னால் போதாது. நடுவில் இருக்கும் வைரம் பாய்ந்த கெட்டி மரம் எவ்வளவு, பட்டையை ஒட்டிய வெளிர் மரமான வெள்ளை எவ்வளவு என்று பாருங்கள். சீக்கிரம் வளர்த்து வெட்டிய மரத்தில் வெள்ளை அதிகம். தேக்கின் வெள்ளையும் மட்ட மரத்தின் வெள்ளையும் வெளியில் ஒரே கதிதான்.

சேகுமரம்

ஐயா சொன்னதை ஐரோப்பிய மரத் தர நியமமும் அப்படியே சொல்கிறது. ஈஎன் 350 என்ற அந்த நியமம் மரங்களை இயல்பான உறுதிப்படி 1 முதல் 5 வரை பிரிக்கிறது. முதல் வகுப்பு மிக உறுதி, ஐந்தாவது மிக நலிவு. காட்டுத் தேக்கு 1, பீச் என்ற ஐரோப்பிய மரம் 5. ஆனால் அந்த வகுப்பு வைரப் பகுதிக்கு மட்டும். தனியாகச் சோதித்து வேறாக நிரூபித்தால் ஒழிய எந்த மரத்தின் வெள்ளைப் பகுதியும் ஐந்தாம் வகுப்பு என்றே கொள்ள வேண்டும். வளர்ப்புத் தேக்கு 1-க்கும் 3-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

வேப்பநிழல்

ஐயா, நன்றி. அப்படியானால் பெயின்ட் அடித்து அந்த முனைகளை எல்லாம் மூடிவிட்டால் போதாதா?

உளிச்சத்தம்

போதும், அந்தப் பெயின்ட் ஒருபோதும் வெடிக்காது என்று எழுதிக் கொடுத்தால்.

தூரிகை

பூச்சு வேலை செய்பவள் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். பூச்சைக் கேலி செய்வது எளிது. சரியாகப் பூசினால் அது செய்யும் வேலை பெரியது.

வார்னிஷ், பெயின்ட் போலப் படலமாக நிற்பவை ஒரு வகை. மரத்துக்குள் ஊறும் எண்ணெய், ஸ்டெயின் மாதிரியானவை இன்னொரு வகை. படலம் நல்லபடியாக இருக்கும்வரை தண்ணீரை நன்றாகத் தடுக்கும். சிக்கல் மூட்டில். மரம் உப்பும், சுருங்கும், மூட்டில் படலம் முடியளவு கீறிவிடும். அந்தக் கீறல் வழியாக முனைக்குள் தண்ணீர் இறங்கும், சுற்றிலும் படலம் இருப்பதால் ஆவியாகி வெளியே வர நாளாகும். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மக்கியிருக்கும் ஜன்னல் சட்டங்கள் எல்லாம் இந்தக் கதைதான். ஊறும் வகை அவ்வளவு தடுக்காது, ஆனால் உரியாது, காய்வதையும் மறிக்காது. தேய்ந்தால் சுரண்டாமல் மேலேயே திரும்பப் பூசலாம். நடமாடும் தளத்துக்கு நான் எப்போதும் ஊறும் வகையைத்தான் சொல்வேன். ஒன்று கவனியுங்கள்: வெறும் ஆளிவிதை எண்ணெய் பூசினால் அதுவே கரும்பூசணத்துக்குத் தீனி. பூசண எதிர்ப்பு சேர்த்தது வேண்டும்.

அடுத்து, எப்போது பூசுகிறீர்கள் என்பது. கட்டி முடித்த பிறகு தெரியும் பக்கத்தில் மட்டும் தூரிகை ஓட்டுவதில் பாதிப் பயன்கூட இல்லை. மூட்டுக்குள் மறையப் போகும் முகத்திலும் முனையிலும் பூட்டுவதற்கு முன்பே பூச வேண்டும். முனை குடிக்கக் குடிக்க இரண்டு மூன்று முறை. புதிதாக இழைத்த மரத்தைச் சில வாரம் வெயிலில் விட்டுவிட்டுப் பூசினாலும் பிடிப்புக் குறையும். மேல் அடுக்கை வெயில் அதற்குள் அரித்திருக்கும்.

வறள்வெளி

வெயில் என்ற பேச்சு வந்ததால் நானும். நான் இருப்பது மழை அபூர்வமான இடம். இங்கே மக்கிப் போன மரத்தைப் பார்ப்பது அரிது, உருப்படியான பலகையைப் பார்ப்பதும் அரிது! எல்லாம் வளைந்து, கோணி, வெடித்து, திருகாணி தளர்ந்து நிற்கும்.

வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தில் இருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. நார்களை ஒட்டி வைத்திருக்கும் பொருள் அதுதான். சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போனால் மீதி நரை. பார்க்கப் பாழாய்ப் போனது போலத் தெரியும், ஆனால் அது தோல் ஆழம்தான். மென்மரத்தில் இப்படித் தேய்வது நூறு ஆண்டுக்கு 6 மி.மீ. அளவு. வேப்பநிழலின் மேல் சட்டம் நரைத்தும் கணீரென்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

வெடிப்புதான் நிஜமான தொல்லை. ஈரம் ஏறி இறங்கும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அசைவதில்லை. பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காயும்போது மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சராசரி 8%, நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் 4%, நெடுக்கில் 0.1 அல்லது 0.2%. வளையத்தை ஒட்டி அறுத்த 140 மி.மீ. அகலப் பலகை, ஈரம் 10%-லிருந்து 20% ஆனால் ஏறத்தாழ 4 மி.மீ. அகலும். திடீர் மழையில் மேல் பரப்பு மட்டும் உப்பப் பார்க்கும், உள்ளே காய்ந்திருக்கும் மரம் விடாது. மேல் நார்கள் நசுங்கும். திரும்பக் காயும்போது நசுங்கியவை பழைய அளவைவிடச் சுருங்கும், அங்கே வெடிக்கும். இது ஒவ்வொரு மழைக்கும் நடக்கிறது.

சேகுமரம்

அந்த வெடிப்பு மேல்பக்கம் இருந்தால் அடுத்த மழைக்கு அது வாய்க்கால் ஆகிவிடும். மருந்தேற்றிய மரத்தில் இன்னும் மோசம். மருந்து ஊறிய வெளி அடுக்கைத் தாண்டி வெடிப்பு உள்ளே போனால், மருந்து படாத மரத்துக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள். வறட்சியும் மழையும் மாறி மாறி வரும் ஊரில் வெயில் கதவைத் திறக்கிறது, மழை நுழைகிறது.

மழைமானி

தளப்பலகைகளுக்கு நடுவே 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி விடச் சொல்வது பலகை இப்படி உப்பி அகல்வதற்காகவும்தான். ஆனால் ஈரமான பலகையைப் பூட்டினால் அதுவே காய்ந்து இடைவெளியைக் கொடுத்துவிடும், நன்றாகக் காய்ந்த பலகைக்குத்தான் முன்கூட்டியே விட வேண்டும். பலரும் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டைத் துண்டை வைத்து இடைவெளி பார்க்கிறார்கள். கூடவே இலை, மண் அடைத்தால் இடைவெளி இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

வேப்பநிழல்

மருந்தேற்றிய மரம் பற்றி யாராவது சொல்லுங்களேன். பச்சை நிறத்தில் வருகிறதே, அது எல்லாம் ஒன்றுதானா?

சேகுமரம்

ஒன்றில்லை. செம்பு சேர்ந்ததால் பச்சை, அவ்வளவுதான் பொதுவானது. பழையது செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த சி.சி.ஏ. அதை 1933-இல் உருவாக்கியவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சோன்டி காமேசன். உலகம் முழுக்க மின்கம்பத்திலிருந்து விளையாட்டுத் திடல் வரை பரவியது. மரத்தைக் காப்பதில் அதற்கு ஈடு குறைவு. ஆர்சனிக் காரணமாக 2003 இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு அதைப் பயன்படுத்துவதை நிறுத்தினார்கள், பல நாடுகளில் கட்டுப்பாடு வந்தது. பழைய பச்சை மரத்தை எடுத்தால் தயவுசெய்து அடுப்பில் போடாதீர்கள். எரித்தால் ஆர்சனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும்.

அதற்குப் பதில் வந்தவற்றில் செம்பு அதிகம். சாதாரண இரும்பு ஆணியையும் மெல்லிய துத்தநாக முலாம் பூசியதையும் செம்பு அரித்துவிடும். கனமாக முலாம் தோய்த்தது அல்லது துருப்பிடிக்காத எஃகு வேண்டும். மரம் நிற்க ஆணி போய்விட்ட தளங்கள் இதனால்தான்.

போராக்ஸ் வகை மருந்து பூச்சிக்கும் பூஞ்சைக்கும் நல்லது, ஆனால் தண்ணீரில் கரையும். மழைபடும் இடத்தில் பூசினால் மழையோடு போய்விடும். கூரைக்கடியில் சரி.

கவனிக்க வேண்டியது ஒன்று: அழுத்தத்தில் மருந்தேற்றும்போது வெள்ளைப் பகுதி நன்றாக உறிஞ்சும், வைரம் ஏற்காது. உளிச்சத்தம் ஐயா திட்டிய வெள்ளைதான் இங்கே நல்ல பிள்ளை. வாங்கி வந்து அளவுக்கு அறுத்தால், அறுத்த முனையில் மருந்து படாத உள்மரம் வெளியே வரும். அந்த முனையில் மருந்தைத் தூரிகையால் தடவியாக வேண்டும், அறுத்த முனையை மண் பக்கம் வைக்கக்கூடாது.

உளிச்சத்தம்

வெள்ளையை நான் திட்டவில்லை, மருந்தில்லாமல் வெளியில் வைக்காதே என்றுதான் சொன்னேன்.

உப்புக்காற்று

கடலோரத்திலிருந்து. உப்பு மரத்தைத் தின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பூஞ்சைக்கு உப்பு ஆகாது, அந்த வகையில் நல்லதுதான். ஆனால் காற்றில் வரும் உப்பு மரத்தின் மேல் படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காயும்போது உப்புப் படிகம் வளர்ந்து நார்களைப் பிரித்து, மேற்பரப்பு பஞ்சு போலச் சிலிர்த்துக்கொள்ளும். பார்க்கப் பயமாக இருக்கும், வலிமைக்குப் பெரிய கேடு இல்லை.

உண்மையான சேதம் இரும்பில் வருகிறது. ஆணி துருப்பிடிக்கும், துரு ஆணியைச் சுற்றியுள்ள மரத்தையும் சிதைக்கும். ஓட்டை பெரிதாகி ஆணி ஆடும். துவர்ப்புச் சத்துள்ள மரமென்றால் கறுப்புக் கறை வேறு. இங்கே 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிக்குக் குறைவாக எதையும் நம்புவதில்லை. கடலுக்குள்ளேயே நிற்கும் தூண் தனிக் கணக்கு. அங்கே எதிரி பூஞ்சை இல்லை, மரத்தைத் துளைக்கும் கடலுயிர்கள். கப்பல்புழு என்று சொல்வது புழுவே அல்ல, சிப்பி இனம்.

குறுக்குக்கேள்வி

தண்ணீருக்குள் முழுக்க மூழ்கிய மரம் மக்காது என்கிறார்களே, வெனிஸ் நகரமே மரக்கழிகளின் மேல் நிற்கிறது. அப்படியென்றால் ஈரம்தான் எதிரி என்ற கட்சி என்ன ஆவது?

சேகுமரம்

பூஞ்சைக்குத் தண்ணீர் மட்டும் போதாது, பிராணவாயுவும் வேண்டும். வெனிஸின் கழிகள் சேற்றுக்குள் புதைந்து நீரில் ஊறி இருப்பதால் காற்று இல்லை. பாக்டீரியா மட்டும் மிக மெதுவாக வேலை செய்யும். முழு வறட்சியில் பிழைக்கலாம், முழு மூழ்கலில் பிழைக்கலாம், நடுவில்தான் ஆபத்து. மண்ணில் ஊன்றிய தூணைத் தோண்டிப் பாருங்கள், தரை மட்டத்தை ஒட்டிக் கொஞ்சம் மேலும் கீழும்தான் இற்றிருக்கும். ஈரம், காற்று, வெதுவெதுப்பு மூன்றும் கூடும் இடம் அது.

வேப்பநிழல்

எல்லோருக்கும் நன்றி. இனி நேரடியாகக் கேட்கிறேன். தூண்களை முழுக்க மாற்றாமல் அடியை மட்டும் வெட்டிவிட்டு இரும்புத் தாங்கி மேல் நிறுத்தலாமா? அடியில் மண் ஓடு மாதிரி ஒன்று பார்த்தேன், கரையானாகவும் இருக்கலாம்.

உளிச்சத்தம்

மண் ஓடு என்றால் கரையான்தான். அதற்கு மண்ணுக்கும் மரத்துக்கும் தொடர்பு அறுந்தாலே பாதி வேலை முடிந்தது. தாங்கியில் நிறுத்தினால் ஓடு கட்டி ஏறுவது கண்ணுக்குத் தெரியும், மறைவாக ஏற முடியாது.

தாங்கியின் தட்டில் தூணின் அடி தண்ணீரில் உட்காரக்கூடாது. தட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். பெட்டி போல நாலு பக்கமும் மூடிய தாங்கி வாங்காதீர்கள், அது இரும்பில் செய்த கிண்ணம். உயரம் குறைந்தது 15 செ.மீ., முடிந்தால் 30. கெட்டித் தரையில் விழும் மழை தெறித்து அந்த உயரம் வரை தூணை நனைக்கும். சுற்றிலும் சரளை போட்டால் தெறிப்பு குறையும். ஒன்றை மறக்காதீர்கள், மண்ணில் ஊன்றிய தூண் தானாக நிற்கும், தாங்கியில் நிற்கும் தூண் நிற்காது. மேலே மூலைக்கு மூலை சாய்வுக் கட்டை கொடுத்தாக வேண்டும்.

சேகுமரம்

வெட்டும் அளவு: கண்ணுக்குத் தெரியும் அழுகலோடு நிறுத்தக்கூடாது. பூஞ்சையின் இழைகள் நார் போகும் திசையில் முன்னால் ஓடியிருக்கும். தெரியும் எல்லையிலிருந்து நெடுக்கில் இன்னும் 60 செ.மீ. தள்ளி வெட்டுவது பாதுகாப்பு. கட்டங்கட்டமாக வெடித்துப் பழுப்பாக நொறுங்கினால் அது பழுப்பழுகல், அந்த வகையில் எடை கொஞ்சமே குறைந்திருக்கும்போதே வலிமை பெருமளவு போய்விடும். பாரம் தாங்கும் தூணில் அதற்குச் சலுகை காட்டாதீர்கள். காய்ந்தால் பூஞ்சை செத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம், ஆண்டுக்கணக்கில் உறங்கிவிட்டு ஈரம் கிடைத்ததும் எழும். வெட்டிய பிறகு தூண் குட்டையாகிவிட்டால் புதுத் தூணே மேல்.

தூரிகை

வெட்டிய முனைக்கு உடனே மருந்து, அது காய்ந்த பிறகு பூச்சு. மழைக்காலம் முடிந்து மரத்தின் ஈரம் 18%-க்குக் கீழே வரட்டும், அதற்கு முன்னால் தூரிகையைத் தொடாதீர்கள்.

வேப்பநிழல்

ஈரத்தை அளக்க இரண்டு ஊசி உள்ள மீட்டர் ஒன்றை வாங்கலாம் என்று இருக்கிறேன். நம்பலாமா?

மழைமானி

ஏறத்தாழ 7%-க்கும் 30%-க்கும் நடுவே நம்பலாம். மின்தடையை வைத்து அளப்பது அது, அதனால் மரவகைக்கும் வெப்பநிலைக்கும் ஏற்பத் திருத்தம் செய்ய வேண்டும். செம்பு மருந்தேற்றிய மரத்திலும் உப்புப் படிந்த மரத்திலும் உள்ளதைவிட அதிகம் காட்டும். மழை பெய்த அன்று பலகையின் முகத்தில் குத்தி எண் பார்ப்பதில் அர்த்தமில்லை. மழை விட்டு மூன்று நான்கு நாள் கழித்து, தாங்குசட்டத்தில் உட்காரும் இடத்தை ஒட்டி அடிப்பக்கத்தில் குத்திப் பாருங்கள். நடுப்பலகை 12 காட்டினாலும், அங்கே 20-க்கு மேல் நின்றால் அந்தப் பலகையைக் கழற்றி, சட்டத்தின் முதுகில் தண்ணீர் வழிய நாடாவோ தகடோ ஒட்டிவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள்.